உழைப்பாளிக்கு வெண்கலச் சிலை வைத்த காது கேளாத சிற்பி

வி.டி. ரயில் நிலையத்தில் நாள்தோறும் லட்சக்கணக்கான பேர் வந்து இறங்குகிறார்கள். அவர்களில் தலையைத் தூக்கிக் கட்டிடத்தைப் பார்க்கிறவர்கள் மிகச் சிலரே. பார்த்தால் கல்லிலே மயில் தோகை விரித்திருப்பது தெரியும், குரங்கு தெரியும், வாசல் தூண்களின் மேல் சிங்கமும் புலியும் உட்கார்ந்திருப்பது தெரியும். அந்தச் செதுக்கு வேலைகளில் பெரும்பகுதி பக்கத்திலுள்ள ஜே.ஜே. ஓவியப் பள்ளி மாணவர்களின் கைவேலை. 1888-ம் ஆண்டில் கட்டிடம் முடிந்தது. செதுக்கிய கைகளின் பெயர்கள் யாருக்கும் தெரியாது.

அதே 1888-ல், அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து ஓர் இளைஞர் சிலை செய்யும் கலை கற்க பாரிஸ் நகரத்துக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு வயது 28. காது கேட்காது, வாய் பேசாது. கையில் காகிதமும் பென்சிலும், மனதிலே ஆசையும்தான் இருந்தன. பிற்காலத்தில் சான்பிரான்சிஸ்கோ நகரத்தின் பெரிய வீதிகளில் அவர் செய்த வெண்கலச் சிலைகள் நின்றன. அவற்றில் ஒன்று, பட்டறையில் இரும்புத் தகட்டில் துளை போடும் ஐந்து தொழிலாளிகளின் சிலை. அரசருக்கும் தளபதிக்கும் சிலை வைப்பதே வழக்கமாயிருந்த காலத்தில், வியர்வை சிந்தும் ஆட்களை நகரத்தின் நடுவீதியில் நிறுத்தியவர் அவர். அவர் பெயர் டக்ளஸ் டில்டன்.

டாக்டர் வீட்டுப் பிள்ளை

டில்டன் 1860 மே 1-ந் தேதி கலிபோர்னியாவில் சிக்கோ என்ற ஊரில் பிறந்தார். தந்தை டாக்டர். வசதிக்குக் குறைவில்லை. ஐந்து வயது ஆவதற்குள் விஷக் காய்ச்சல் கண்டது. ஸ்கார்லெட் காய்ச்சல் என்று அதற்குப் பெயர். தொண்டை புண்ணாகி, உடம்பெல்லாம் சிவந்து போகும். பெனிசிலின் இல்லாத அந்த நாளில் எத்தனையோ குழந்தைகளை அது கொண்டுபோயிற்று. டில்டன் பிழைத்தார், ஆனால் காது போய்விட்டது. பேச்சு முழுவதும் அமைவதற்கு முன்பே காது போனால் பேச்சும் நிற்பதில்லை. டாக்டர் தந்தையாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

1866-ல், காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்குமாக சான்பிரான்சிஸ்கோவில் நடந்துவந்த அரசுப் பள்ளியில் பையனைச் சேர்த்தார்கள். பிறகு பள்ளி பெர்க்லி என்ற ஊருக்கு மாறியது. அங்கே தலைமையாசிரியர் வாரிங் வில்கின்சன். அந்தப் பள்ளியில் சைகை மொழி நடமாடியது. அதுதான் டில்டனின் அதிர்ஷ்டம்.

சைகை மொழி என்றால் தண்ணீர் வேண்டும், சாப்பாடு வேண்டும் என்று கையைக் காட்டுவது அல்ல. அதற்கு இலக்கணம் உண்டு, கேலி உண்டு, தத்துவம் பேசவும் இடம் உண்டு. பாரிசில் 1760-ஐ ஒட்டி எப்பே என்ற பாதிரியார், காது கேளாத பிள்ளைகளின் சைகைகளையே கொண்டு பாடம் சொல்ல ஆரம்பித்தார். அந்தப் பள்ளியில் படித்து ஆசிரியரான லாரன் கிளார்க், தாமும் காது கேளாதவர், 1816-ல் கப்பலேறி அமெரிக்கா போனார். மறு ஆண்டில் ஹார்ட்போர்டு நகரில் பள்ளி தொடங்கியது. அங்கிருந்து ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்கு என்று அமெரிக்கா முழுவதும் சைகை மொழி பரவியது. டில்டனுக்கு அது கலிபோர்னியாவில் கிடைத்தது.

1879-ல் படிப்பை முடித்தார். கலிபோர்னியா பல்கலைக் கழகத்தில் சேரத் தகுதி பெற்றும் போகவில்லை; தாம் படித்த பள்ளியிலேயே ஆசிரியர் வேலையை ஏற்றுக்கொண்டார். எட்டு ஆண்டுகள் பாடம் சொன்னார். நிரந்தர வேலை, மாதச் சம்பளம். பலர் அதோடு திருப்தியடைந்திருப்பார்கள்.

1883-ல் ஒருநாள், தம்பி கற்றுக்கொண்டு வந்த பிளாஸ்டர் வேலையைக் கண்டார். ஆசை பிடித்துக்கொண்டது. சான்பிரான்சிஸ்கோவில் மேரியன் வெல்ஸ் என்ற சிற்பியிடம் ஏறக்குறைய ஒரு மாதம் பாடம் கேட்டார். பிறகு பள்ளி வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் களிமண்தான். களைத்துப்போன மல்யுத்த வீரன் ஒருவனின் உருவத்தைச் செய்தார். அதைப் பார்த்த பள்ளி நிர்வாகிகள், இவர் வெளிநாடு போய்க் கற்க வேண்டியவர் என்று தீர்மானித்து, பள்ளியின் நிதியொன்றிலிருந்து பணம் கொடுத்தார்கள். கவனிக்க வேண்டியது, அது நன்கொடை அல்ல, கடன். இந்தக் கடன் பின்னால் வந்து கழுத்தைப் பிடித்தது.

கைகளுக்குப் பூட்டு

டில்டன் ஆசிரியராயிருந்த காலத்தில்தான், 1880-ல், இத்தாலியிலுள்ள மிலான் நகரத்தில் ஒரு மாநாடு கூடியது. காது கேளாதோர் கல்வி பற்றிய மாநாடு. வந்திருந்தவர்கள் 164 பேர். அவர்களில் காது கேளாதவர் ஒரே ஒருவர்! யாருக்காக மாநாடோ அவர்கள் வாசலுக்கு வெளியே. பள்ளிகளில் சைகையை நீக்கிவிட்டு, உதட்டசைவைப் பார்த்து வாயால் பேசும் முறையை மட்டுமே கற்பிக்க வேண்டும் என்று அங்கே முடிவாயிற்று.

இதன் கொடுமை மும்பைத் தமிழருக்கு எளிதாக விளங்கும். தாராவியில் ஒரு பிள்ளை பள்ளியில் தமிழில் வாயைத் திறந்தால் அடி என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பிள்ளைக்காவது வேறு மொழி காதில் விழும்; நாளடைவில் கற்றுக்கொள்ளும். காது கேளாத பிள்ளைக்கு விழாது. கண்ணாடியைப் பார்த்து, ஆசிரியையின் தொண்டையில் விரல் வைத்து, ஒரு எழுத்தின் ஒலிக்கு மாதக்கணக்கில் முயல வேண்டும். கணக்கும் சரித்திரமும் கற்க வேண்டிய வயது அதிலே கழிந்துவிடும். பல நாடுகளில் பிள்ளைகளின் கைகளைக் கட்டிப்போட்டதும் உண்டு. காது கேளாத ஆசிரியர்களால் பேச்சுப் பயிற்சி கொடுக்க முடியாதல்லவா? அவர்கள் வேலை இழந்தார்கள்.

பேச்சுப் பயிற்சியே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பயன் பெற்றவர்களும் உண்டு. ஆனால் ஒன்றைக் கொடுப்பதற்காக இன்னொன்றைப் பறித்ததுதான் தவறு.

டில்டன் இந்தச் சர்ச்சையில் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. 1885-ல் ஓவர்லாண்ட் மன்த்லி என்ற பத்திரிகையில் காது கேளாதோர் கல்வி பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். அது காது கேட்பவர்கள் படிக்கிற பொதுப் பத்திரிகை. காது கேளாத ஆசிரியர் ஒருவரே தம் இனத்தாருக்காக அதில் வாதாடினார் என்பது அந்த நாளில் சாதாரணக் காரியமல்ல. பிற்காலத்திலும் எழுத்திலும் கூட்டங்களிலும் சைகை மொழியின் பக்கமே நின்றார்.

பாரிஸ் கண்காட்சி

1887-ல் வேலையை விட்டு நியூயார்க் போய் ஓவியப் பள்ளியில் சில மாதங்கள் படித்தார். பிறகு பாரிஸ். அங்கே அவர் தேர்ந்தெடுத்த குரு பால் ஷொப்பென். இவரும் காது கேளாத சிற்பியே. புகழ் பெற்ற டாக்டர் புரோக்காவின் சிலையைச் செய்து பாரிஸ் வீதியில் வைத்தவர். குருவும் சீடரும் பேசிக்கொள்ள மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. இரண்டு கைகள் போதும். ஐந்து மாதங்கள் கற்றார். முறையான படிப்பு அவ்வளவுதான்.

1889-ல் பாரிசின் சலோன் கண்காட்சிக்குத் தம் சிலையை அனுப்பினார். ஆண்டுதோறும் நடக்கும் இந்தக் கண்காட்சியில் இடம் கிடைத்தால்தான் கலைஞன் என்று உலகம் ஒப்புக்கொள்ளும். தேர்வுக் குழு கண்டிப்பானது. டில்டன் செய்தது கிரேக்க தேவதையை அல்ல, பேஸ்பால் ஆட்டக்காரனை! நம் ஊர்ப் பையன்களுக்கு கிரிக்கெட் எப்படியோ அப்படி அமெரிக்கருக்கு அந்த ஆட்டம். பந்தை எறியப் போகும் ஒரு கணத்தில் உடம்பு எப்படி முறுக்கேறி நிற்குமோ அப்படியே வடித்திருந்தார். சலோன் அதை ஏற்றுக்கொண்டது. நண்பர் ஒருவர் அதை வாங்கி சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவுக்குக் கொடுத்தார். 1891 முதல் அங்கே நிற்கிறது.

அடுத்த ஆண்டு களைத்த குத்துச்சண்டை வீரன். அதற்கு சலோனில் கௌரவப் பரிசு கிடைத்தது. பிறகு இளம் வித்தைக்காரன், 1892-ல் கரடி வேட்டை. இந்தக் கரடி வேட்டையில் அமெரிக்கப் பழங்குடி வீரர்கள் கரடிகளோடு உயிரைக் கொடுத்துப் போராடுகிறார்கள். ஆளுயரத்துக்கும் மேலான பிரம்மாண்டமான வேலை. 1893-ல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியிலும் டில்டனின் சிலைகள் இடம்பெற்றன. சுவாமி விவேகானந்தர் சொற்பொழிவாற்றிய சர்வமத மகாசபை கூடியது இந்தக் கண்காட்சியை ஒட்டித்தான்.

புகழ் வந்தது, பணம் வரவில்லை. ஓவியருக்குத் துணியும் சாயமும் இருந்தால் போதும். சிற்பியின் செலவு வேறு. முதலில் களிமண்ணில் செய்ய வேண்டும்; அதற்கு மாதிரியாக நிற்கும் ஆளுக்குக் கூலி. பிறகு பிளாஸ்டர் அச்சு. பிறகு வார்ப்புப் பட்டறைக்காரருக்குக் கூலி, வெண்கலத்தின் விலை. சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, உருக்கி, உலோகம் ஊற்றும் வேலையை அறிந்தவர்களுக்கு இந்தச் செலவு புரியும். அங்கே கோயில்காரர் அச்சாரம் கொடுத்த பிறகுதான் உலை பற்றவைப்பார்கள். டில்டனோ கடன் பணத்தில் உலை வைத்தவர்.

பாரிசில் அவருக்குத் துணைக்குக் குறைவில்லை. எப்பே பாதிரியாரின் பெயரால் 1834 முதல் காது கேளாதோர் ஆண்டுதோறும் விருந்து நடத்திவந்த நகரம் அது. அவர் காலமான நூறாம் ஆண்டான 1889-ல் பல நாட்டுக் காது கேளாதோர் அங்கே மாநாடு கூட்டினார்கள். மிலானில் நடந்ததற்கு நேர் எதிர். இங்கே அவர்களே பேசினார்கள், அவர்களே தீர்மானித்தார்கள்.

1893-ல் அதே கலிபோர்னியாப் பள்ளியில் படித்த இன்னொரு மாணவர், கிரான்வில் ரெட்மண்ட் என்ற ஓவியர், பாரிஸ் வந்து டில்டனோடு ஒரே அறையில் தங்கினார். ஊரை விட்டு வந்தவன் ஊர்க்காரனோடு அறை எடுத்துத் தங்குவது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம்தான்.

ஐந்து தொழிலாளிகள்

1894-ல் டில்டன் ஊர் திரும்பினார். பழைய கடனைப் பற்றிய தகராறு காத்திருந்தது. வளர்த்து ஆளாக்கிய வில்கின்சனுக்கும் அவருக்கும் மனக்கசப்பு உண்டாயிற்று. கரடி வேட்டைச் சிலை கடைசியில் பள்ளி வளாகத்துக்கே போய்ச் சேர்ந்தது. யார் பக்கம் நியாயம் என்பதை இவ்வளவு காலம் கழித்துச் சொல்வது கடினம். பள்ளிப் பணம் மற்றப் பிள்ளைகளுக்கும் வேண்டியதுதானே.

சான்பிரான்சிஸ்கோவில் மார்க் ஹாப்கின்ஸ் கலைக் கழகத்தில் சிற்பம் கற்பிக்கும் வேலை கிடைத்தது. மாணவர்கள் காது கேட்பவர்கள். ஆசிரியர் காது கேளாதவர். காகிதத்தில் எழுதிக் காட்டியும், களிமண்ணில் கைவைத்துத் திருத்தியும் பாடம் நடந்தது. அங்கே பயின்ற ராபர்ட் எய்ட்கன் பின்னாளில் அமெரிக்காவின் பெரிய சிற்பிகளில் ஒருவரானார். 1896-ல் டில்டன், தம்மைப் போலவே காது கேளாதவரான எலிசபெத் கோலை மணந்தார்.

நகரத்தின் மேயராக வந்த ஜேம்ஸ் பீலன் கலைப் பிரியர். அவருடைய ஆதரவில் 1897-ல் கலிபோர்னியா மாநிலமானதைக் கொண்டாடும் நினைவுச் சின்னம் மார்க்கெட் வீதியில் எழுந்தது. டில்டனின் கால்பந்து ஆட்டக்காரர் சிலையையும் பீலன் பரிசாக அறிவித்தார். இரண்டு பல்கலைக் கழகங்களில் எது அடுத்தடுத்து இரண்டு ஆண்டு ஜெயிக்கிறதோ அதற்கு. பெர்க்லி 1898-லும் 1899-லும் ஜெயித்துத் தட்டிச் சென்றது.

பிறகு வந்ததுதான் டில்டனின் பெயர் சொல்லும் வேலை. பீட்டர் டொனகூ என்று ஒருவர். இரும்புப் பட்டறைத் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கி, கலிபோர்னியாவின் முதல் வார்ப்பாலையை நிறுவி, வாயு விளக்குக் கம்பெனியும் ரயில் பாதையும் நடத்தியவர். அவர் மகன் தம் உயிலில் தந்தையின் நினைவுக்காக 25,000 டாலர் எழுதி வைத்தார். டில்டன் நினைத்திருந்தால் கோட்டும் தொப்பியுமாக அந்தச் செல்வரையே பீடத்தில் ஏற்றியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. டொனகூவின் பட்டறையில் உழைத்திருக்கக்கூடிய ஆட்களைச் செய்தார்.

பெரிய பஞ்ச் இயந்திரம். அதன் நீண்ட நெம்புகோலில் ஆட்கள் உடம்பின் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்குகிறார்கள். கீழே தகட்டைப் பிடித்துக் கொடுக்கிறார்கள். மொத்தம் ஐந்து பேர். இடுப்பில் தோல் கவசத்தைத் தவிர உடம்பில் துணியில்லை. முதுகு நரம்பு, தொடைச் சதை, கால் விரல் ஊன்றல், எல்லாம் தெரிகிறது. மாதுங்கா ரயில்வே ஒர்க்ஷாப்பில் தகடு பிடித்த கை உள்ளவர்கள் இதன் படத்தைப் பார்த்தால், சிற்பி வேலை தெரிந்தவர்தான் என்று ஒப்புக்கொள்வார்கள். இரும்பில் இரும்பு இறங்கும் அந்தப் பேரோசையைக் கேட்டறியாத மனிதர் அதை உடம்புகளின் நெளிவில் காட்டியிருக்கிறார்.

1901 மே மாதம் திறப்பு விழா. கௌரவமான வீதியில் அரை நிர்வாணமா என்று சிலர் முகம் சுளித்தார்கள். கால்சட்டை போட வேண்டுமென்றும் பேச்சு கிளம்பியது. சிற்பி இணங்கவில்லை. அதே வீதியில் அன்றாடம் அப்படி வேலை செய்துகொண்டிருந்தவர்களைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

1906 ஏப்ரல் 18-ந் தேதி விடியற்காலையில் பூகம்பம். தொடர்ந்து நாள்கணக்கில் தீ. நகரத்தின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. அப்போது எடுத்த புகைப்படங்களில், சுற்றிலும் இடிந்த சுவர்கள், நடுவே அந்த ஐந்து பேர் நெம்புகோலை விடாமல் தொங்கிக்கொண்டிருப்பதைக் காணலாம். அதே ஆகஸ்டில், இடிபாடுகளை அகற்றி முடிக்காத நகரத்திலேயே, டில்டன் செய்த கலிபோர்னியாத் தொண்டர் படைச் சின்னமும் திறக்கப்பட்டது. 1907-ல் அவர் செய்து வைத்த செர்ரா பாதிரியாரின் சிலையை மட்டும், பழங்குடியினரை அடிமைப்படுத்தியவர் என்ற கோபத்தில், 2020 ஜூன் மாதம் மக்கள் கயிறு கட்டிக் கீழே இழுத்துவிட்டார்கள்.

கடைசிக் காலம்

1910-க்குப் பிறகு பெரிய வேலைகள் வருவது நின்றது. கலையில் ருசி மாறியது. ஆதரித்தவர்கள் ஒதுங்கினார்கள். காது கேளாதவருக்கு நாலு இடம் போய் நயமாகப் பேசி வேலை பிடிப்பது எளிதல்ல; டில்டனுக்கு முன்கோபமும் உண்டு. மணவாழ்க்கையும் முறிந்தது. 1920-களில், தொழிலாளிகளுக்குச் சிலை வைத்தவர் தாமே தொழிற்சாலையில் மெஷின் ஓட்டும் தொழிலாளியானார். வயது அறுபதுக்கு மேல். பிறகு ஹாலிவுட் போய் கல்விப் படங்களுக்காக, அழிந்துபோன ஆதிகால மிருகங்களின் உருவங்களைச் செய்து கொடுத்தார்.

பழைய அறை நண்பர் ரெட்மண்டும் அப்போது ஹாலிவுட்டில்தான் இருந்தார். அவருக்கு சார்லி சாப்ளினின் நட்பு கிடைத்திருந்தது. பேசாப் படங்களின் மன்னர் ரெட்மண்டிடம் சைகை கற்றார். தம் ஸ்டூடியோவிலேயே ஓவியம் வரைய இடம் கொடுத்தார். 1931-ல் வந்த சிட்டி லைட்ஸ் படத்தைப் பார்த்தவர்களுக்கு முதல் காட்சி நினைவிருக்கும். சிலை திறப்பு விழா. துணியை விலக்கினால் சிலையின் மடியில் சாப்ளின் தூங்கிக்கொண்டிருப்பார். மேடையிலே சிற்பியாக நிற்கிறவர் ரெட்மண்ட்தான். படத்தில் ஓவியர் சிற்பியாக நடித்தார். உண்மையான சிற்பி பெர்க்லிக்குத் திரும்பி வறுமையில் இருந்தார்.

1935 மே மாதம் ரெட்மண்ட் காலமானார். ஆகஸ்டில், பெர்க்லியில் தம் வேலைக்கூடத்தில் தனியாக இருந்தபோது டில்டன் இறந்தார். வயது 75.

அவர் வாதாடிய வழக்கு அவரோடு முடியவில்லை. நம் நாட்டில் காது கேளாதோருக்கான முதல் பள்ளி இதே பம்பாயில்தான் 1885-ல் தொடங்கியது, டில்டன் கட்டுரை எழுதிய அதே ஆண்டு. திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் நன்கறிந்த பாளையங்கோட்டைப் பள்ளியை 1890-களில் புளோரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் நிறுவினார். இந்தப் பள்ளிகளால் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்தன. ஆனாலும் இந்தியாவில் நெடுங்காலம் வாய்ப்பேச்சு முறைக்கே முதலிடம். பிள்ளைகள் சைகையைத் தங்களுக்குள்ளே, விடுதியிலும் விளையாட்டு மைதானத்திலும் வளர்த்துக்கொண்டார்கள். 1940-களில் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் படித்துப் பெரும் புகழ் பெற்ற சதீஷ் குஜ்ரால், எட்டு வயதில் காதை இழந்தவர். 2010-ல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய உலகக் கல்வி மாநாடு மிலான் தீர்மானத்தைத் தள்ளிவிட்டு வருத்தம் தெரிவித்தது. 130 ஆண்டுகள் ஆயிற்று! 2015-ல் டில்லியில் இந்திய சைகை மொழிக்கென ஆராய்ச்சி, பயிற்சி மையம் வந்தது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் சைகை மொழிக்கு இடம் கிடைத்தது.

டில்டன் படித்த பள்ளி 1980-ல் பெர்க்லியை விட்டு பிரீமாண்ட் என்ற ஊருக்கு மாறியது. போகும்போது கரடி வேட்டைச் சிலையையும் கையோடு எடுத்துச் சென்றார்கள். கடன் தகராறில் சிக்கிய அந்தச் சிலை இன்று அந்தப் பள்ளி வளாகத்தில் நிற்கிறது. காது கேளாத பிள்ளைகள் கைகளால் பேசிக்கொண்டு அதைக் கடந்து வகுப்புக்குப் போகிறார்கள்.